‘சைக்கிள்ல உட்கார்றதுக்கு எதுக்குடி காசு?’ - பைக் ஃபிட்டிங்குக்கு ஆயிரங்களைக் கொடுக்கலாமா?

“சைக்கிளையே காசு குடுத்து வாங்கியாச்சு. அதுல உட்கார்றதுக்கும் எதுக்குடி காசு?”

போன வருஷம் அம்மா போனில் கேட்ட கேள்வி இது. ‘பைக் ஃபிட்டிங்’ பண்ணப் போகிறேன் என்று சொன்னதும், முதலில் ஸ்கூட்டருக்குத்தான் ஏதோ மாட்டப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சைக்கிளுக்கு என்று தெரிந்ததும் வந்த கேள்விதான் மேலே இருப்பது. 7,000 ரூபாய் என்று தொகையைச் சொன்னதும் அடுத்த கேள்வியே வரவில்லை. “உங்கப்பாகிட்ட பேசு” என்று போனைக் கைமாற்றிவிட்டார்.

நியாயமான கேள்விதான். நீங்களும் சமீபத்தில் கியர் சைக்கிள் வாங்கியவர் என்றால், இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் இந்த வார்த்தையைக் கடந்திருப்பீர்கள். உடம்பெல்லாம் சென்சார் ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒருவர் பெடல் மிதிப்பார். பக்கத்து ஸ்கிரீனில் கோடுகளும் கோணங்களும் ஓடும். இது உண்மையிலேயே தேவையா, இல்லை காசு இருப்பவர்களின் விளையாட்டா?

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2020 லாக்டௌனில் ஜிம்கள் மூடிய பிறகு, சைக்கிள் பக்கம் திரும்பியவர்கள் நிறைய. இன்றைக்கும் ஞாயிறு காலை 5 மணிக்கு ஈ.சி.ஆரில் நின்று பாருங்கள், பின்னால் சிவப்பு லைட் மினுக்கியபடி வரிசையாகப் போய்க்கொண்டிருப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்தில் இருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு தள்ளு.

ஆனால், வாங்கிய சைக்கிள்கள் எல்லாம் ரோட்டில் இருக்கின்றனவா? உங்கள் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். தூசி படிந்து, டயரில் காற்று இறங்கி, துணி காயப்போடும் கம்பியாக மாறிய கியர் சைக்கிள் ஒன்றாவது இருக்கும். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். பல நேரம் காரணம் அதைவிட எளிமையானது. ஓட்டினால் வலிக்கிறது.

எனக்கும் அதுதான் நடந்தது. மூன்றாவது மாதத்தில் முழங்காலின் முன்பக்கம் வலி. 20 கி.மீ தாண்டினால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். ‘பழகிடும்’ என்றார்கள். பழகவில்லை. சைக்கிளை விற்றுவிடலாம் என்று போட்டோ வரை எடுத்துவிட்டேன். கடைசி முயற்சியாகத்தான் ஃபிட்டிங்.

வலி எங்கிருந்து வருகிறது?

ஒரு சின்ன கணக்கு. நிமிடத்துக்கு 80 முறை பெடல் சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,800 முறை மடங்கி நீள்கிறது. திருவான்மியூரில் இருந்து மாமல்லபுரம் போய்த் திரும்ப நான்கு மணி நேரம் என்றால், 19,200 முறை. சீட் இரண்டு சென்டிமீட்டர் தப்பாக இருந்தால், அந்தத் தப்பை முழங்கால் அத்தனை முறையும் தாங்க வேண்டும்.

சைக்கிளை நம் உடம்பு தொடுவது மூன்றே இடங்களில்தான். கை, கால், உட்காரும் இடம். இந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள தூரத்தையும் உயரத்தையும் நம் உடம்புக்கு ஏற்ப மாற்றுவதுதான் பைக் ஃபிட்டிங். நல்ல ஃபிட்டர் சைக்கிளைத் தொடுவதற்கு முன் உங்களிடம் பேசுவார். எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள், பழைய அடி ஏதாவது உண்டா, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலையா என்று கேட்பார். குனிந்து காலைத் தொடச் சொல்வார். அப்புறம்தான் சைக்கிளை டிரெய்னர் ஸ்டாண்டில் மாட்டி, நீங்கள் மிதிப்பதைப் பக்கவாட்டிலும் முன்னாலும் பார்ப்பார். வீடியோ, லேசர், சென்சார் எல்லாம் அந்தப் பார்வைக்குத் துணைதான்.

ஃபார்முலா இருக்கே, அது போதாதா?

யூடியூபில் தேடினால் முதலில் வருவது 0.883. டூர் டி பிரான்ஸை மூன்று முறை ஜெயித்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது. வெறுங்காலில் சுவரோடு ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு புத்தகத்தை மேலே அழுத்திப் பிடியுங்கள். தரையில் இருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்தால், அது உங்கள் உள்கால் நீளம். அதை 0.883 ஆல் பெருக்கினால், பெடல்கள் சுற்றும் அச்சின் மையத்தில் இருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும்.

இன்னொரு கணக்கு 1967-ல் ஹேம்லி, தாமஸ் என்ற இருவரின் ஆய்வில் இருந்து வந்தது. கீழே இருக்கும் பெடலின் அச்சில் இருந்து சீட் வரை, உள்கால் நீளத்தில் 109 சதவிகிதம் இருக்க வேண்டும் என்பது அது.

இரண்டையும் போட்டுப் பார்ப்போம். உள்கால் 76 செ.மீ என்றால், லெமாண்ட் கணக்கில் 67.1 செ.மீ வருகிறது. 109 சதவிகிதக் கணக்கில் 82.8 செ.மீ. அதில் 17 செ.மீ கிராங்க் நீளத்தைக் கழித்தால் 65.8. ஒரே காலுக்கு இரண்டு புகழ்பெற்ற ஃபார்முலாக்கள் சொல்லும் பதிலில் 1.3 செ.மீ வித்தியாசம்! பாத நீளம், ஷூவின் தடிமன், தொடைத் தசை எவ்வளவு வளையும் என்பதெல்லாம் எந்த ஃபார்முலாவுக்கும் தெரியாது. அதனால் இவை தொடங்கும் இடம் மட்டுமே. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கட்டும் என்று ஃபிட்டர்கள் பரவலாக வைத்திருக்கும் அளவும்கூட ஒரு எல்லைதான், ஒற்றை எண் இல்லை.

ஃபிட் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமும் இல்லை. டூர் டி பிரான்ஸை ஐந்து முறை வென்ற பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ், 1969 செப்டம்பரில் பிளுவா நகரில் நடந்த ஒரு டிராக் ரேஸில் மோசமாக விழுந்தார். அதன் பிறகு இடுப்பு வலி அவரை விடவில்லை. ரேஸுக்கு நடுவிலேயே சீட் உயரத்தை மாற்றும் அளவுக்கு, அளவுகளைத் திருத்திக்கொண்டே இருந்தவர் அவர். உடம்பு மாறினால் அளவும் மாறும். அவருக்கே அப்படி என்றால், வருஷத்துக்கு ஐந்து கிலோ ஏறி இறங்கும் நமக்கு?

முதலில் ஓசியில் செய்ய வேண்டியவை

காசு கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு ஆலன் கீ, ஒரு டேப், உங்கள் போன், வீடியோ எடுக்க ஒரு ஃப்ரெண்ட். இவ்வளவு போதும்.

* சீட் உயரம்: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலை பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டுவாருங்கள். கால் அப்போதுதான் முழுசாக நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால், முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்.

* இடுப்பைப் பாருங்கள்: பின்னால் இருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு இடதும் வலதுமாக ஆடினால் சீட் அதிக உயரம்.

* சீட் சாய்வு: கிட்டத்தட்ட மட்டமாக இருக்கட்டும். மூக்கு கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, எடை முழுக்கக் கைக்குப் போகும்.

* வலியைப் படியுங்கள்: முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் உயரம் அதிகம். விரல் மரத்தால் ஹேண்டில்பார் எட்ட இருக்கலாம், அல்லது தாழ்ந்திருக்கலாம்.

* ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்: 5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பழைய இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். இரண்டு மூன்று ரைடு போன பிறகு அடுத்ததைத் தொடுங்கள். சீட் போஸ்ட்டில் எல்லைக்கோடு போட்டிருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தவே கூடாது.

நம்மில் பலர் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பது. சிக்னலில் வசதிதான். ஆனால், பலருடைய முழங்கால் வலி தொடங்குவதே அங்கேதான். நிற்கும்போது சீட்டில் இருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள்.

அப்போ யார் காசு கொடுக்கலாம்?

கடைக்கும் காலேஜுக்கும் போய்வருகிறீர்கள், வலி இல்லை என்றால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். மேலே சொன்னதே போதும்.

200 கி.மீ பிரெவேக்குத் தயாராகிறீர்களா? அதற்குக் கிடைக்கும் நேரம் பதிமூன்றரை மணி நேரம். அவ்வளவு நேரம் தப்பான அளவில் உட்கார்ந்தால் உடம்பு கணக்குத் தீர்த்துவிடும். பெடலோடு ஷூவைப் பூட்டிக்கொண்டு ஓட்டுகிறவர், பழைய முழங்கால் அல்லது முதுகு அடி உள்ளவர், நீங்களே திருத்திப் பார்த்தும் வலி போகாதவர். இவர்களுக்கு ஃபிட்டிங் நல்ல செலவு. 20,000 ரூபாய்க்கு இலகுவான வீல் வாங்கும் முன் இதைச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. முழங்கால் வீங்குகிறது, சைக்கிளில் இருந்து இறங்கிய பிறகும் மரத்த உணர்வு போகவில்லை, அந்தரங்கப் பகுதி மரத்துப்போகிறது என்றால், முதலில் டாக்டர். வெட்கப்படாதீர்கள்.

காசு கொடுக்கும் முன் கேளுங்கள்

‘பைக் ஃபிட்டர்’ என்று போர்டு மாட்ட லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. எனவே நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி நேரத்தில் முடியும் என்றால் யோசியுங்கள். சில வாரம் ஓட்டிய பிறகு திரும்பி வந்தால், அதே காசில் திருத்தித் தருவார்களா? அளவுகளை எழுதித் தருவார்களா? ஃபிட்டருக்கு பிசியோதெரபி பின்னணி உண்டா? ‘இந்த சீட் வாங்கு, அந்த இன்சோல் வாங்கு’ என்று முதல் பத்து நிமிடத்திலேயே ஆரம்பிக்கிறாரா? இதில் முக்கியமானது இரண்டாவது கேள்வி. புது அளவு சரியா என்பது கடையில் தெரியாது, ரோட்டில்தான் தெரியும்.

என் 7,000 ரூபாய் என்ன ஆனது?

ஃபிட்டர் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். சீட்டை 3 செ.மீ உயர்த்தினார். ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம் என்ற துண்டைக் கழற்றி, சின்னதாக ஒன்றை மாட்டினார். அதற்குத் தனிக் காசு. மூன்று வாரத்தில் முழங்கால் வலி போனது. விரல் மரப்பது குறைந்தது, முழுசாகப் போகவில்லை. ஏன் என்று அவரே சொன்னார். “மேடம், உங்க ஃபிரேமே ஒரு சைஸ் பெருசு. இதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

வாங்கிய நாள் ஞாபகம் வந்தது. “இந்த சைஸ்தான் ஸ்டாக்ல இருக்கு மேடம், சீட்டை இறக்கிக்கலாம்” என்று சொல்லித்தான் அந்தக் கடையில் பில் போட்டார்கள். யாரும் என் உயரத்தைக் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. கலர் பிடித்திருந்தது.

ஆக, நான் கொடுத்த 7,000-ல் ஒரு பங்கு, வீட்டிலேயே ஓசியில் செய்திருக்கக்கூடிய சீட் உயரத்துக்கு. இன்னொரு பங்கு, கடையில் ஐந்து நிமிடம் அளந்திருந்தால் வந்தே இருக்காத பிரச்னைக்கு. மிச்சம் மட்டும்தான் ஃபிட்டரின் நிஜமான திறமைக்கு. அதற்குக் கொடுத்ததில் வருத்தம் இல்லை. ஆனால், முதல் இரண்டையும் சைக்கிள் விற்கிறவர் பில்லோடு சேர்த்துத் தர வேண்டும். செருப்புக் கடையில்கூட சைஸ் பார்த்துத்தானே கொடுக்கிறார்கள்? ஆன்லைனில் அட்டைப்பெட்டியில் வரவழைக்கிறவர்கள், கம்பெனியின் சைஸ் சார்ட்டில் உயரத்தோடு உள்கால் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘பை நவ்’ அழுத்துங்கள்.

இதில் காசு இல்லாதவர்கள் கதையும் இருக்கிறது. சைக்கிளில் நாள் முழுக்க ஃபுட் டெலிவரி செய்யும் பையன்கள், ஈ.சி.ஆர் ஞாயிறு ரைடரைவிட அதிக நேரம் மிதிக்கிறார்கள். அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் பிளஸ் ஒன் மாணவர்கள் தினமும் ஸ்கூலுக்குப் போகிறார்கள். இவர்களை யாரும் சென்சார் ஒட்டிப் பார்க்கப்போவதில்லை. ஆனால், குதிகால் கணக்கைச் சொல்லிக்கொடுக்க பத்து நிமிடமும் ஒரு ஸ்பேனரும் போதும். மிதிவண்டி வழங்கும் நாளிலேயே பள்ளியில் இதைச் செய்யலாம்.

ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பையனுக்குச் செய்து பார்த்தேன். பள்ளியில் வாங்கிய நாளில் இருந்து சீட்டை ஏற்றவே இல்லை. முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தான். பஞ்சர் கடை அண்ணனிடம் ஸ்பேனர் வாங்கி, இரண்டு அங்குலம் ஏற்றிவிட்டேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தவன், “அக்கா, வண்டி லேசாயிடுச்சு” என்றான்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார், “இதுக்கா ஏழாயிரம் குடுத்த?”