பேனாவைப் பார்த்தார்கள், ஷரத்தைப் பார்த்தார்களா?

2023 ஜூன் 21-ந் தேதி வாஷிங்டனில் ஒரு கையெழுத்து வைபவம். அமெரிக்கா முன்நின்று நடத்தும் 'ஆர்ட்டெமிஸ்' விண்வெளி உடன்பாட்டில் இந்தியா 27-வது நாடாகச் சேர்ந்தது. நமது தூதர் கையெழுத்திட்டார். பத்திரிகைகளில் படம் வந்தது. பேனா தெரிந்தது, புன்னகை தெரிந்தது. நாம் கேட்கிறோம்: 10-வது ஷரத்து எத்தனை பத்திரிகையில் தெரிந்தது?

தோழர்களே, அந்த ஷரத்து சொல்வது இதுதான்: சந்திரனில் உள்ள வளங்களைத் தோண்டி எடுப்பதே அதைச் சொந்தமாக்கிக்கொள்வது ஆகிவிடாதாம்! எந்த நாடும் சந்திரனுக்குச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது 1967-ம் வருஷத்து உடன்படிக்கை. "ஏரிப் புறம்போக்கு எனக்கு வேண்டாம், மண்ணை மட்டும் வண்டி வண்டியாக அள்ளிக்கொள்கிறேன்" என்கிற பண்ணையாரின் நியாயம் நமக்குத் தெரியாததா?

சந்திரனின் செல்வம் மனித குலத்தின் பொதுச் சொத்து என்று 1979-ல் இன்னொரு உடன்படிக்கை பிறந்தது. 1982-ல் இந்தியா அதிலும் கையெழுத்திட்டது. ஊர்ஜிதம் மட்டும் செய்யவில்லை. அந்தக் கையெழுத்து என்னவாயிற்று என்று தூதரிடம் கேட்பதல்லவா நிருபர் வேலை? மேடையை மட்டும் பார்த்துவிட்டு வருவதற்கு நிருபர் எதற்கு, காமிராக்காரர் போதுமே!

இனி இப்படிப்பட்ட வைபவத்துக்குப் போகிறவர்கள் ஷரத்துகளை முதல் நாள் இரவே படித்துவிட்டுப் போகட்டும். தோண்டப் போவது யார், பங்கு யாருக்கு, 11-வது ஷரத்தில் வரும் 'பாதுகாப்பு வளைய'த்துக்கு வேலி எதுவரை என்று எழுந்து நின்று கேட்கட்டும்.