ஹீட் 3



போன மாதம் அலுவலக அலமாரியை ஒழித்தபோது பழுப்பேறிய உறை ஒன்று அகப்பட்டது. உள்ளே நான் கல்லூரியில் படித்த நாள்களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றில், கையில் பேட்டனுடன் வெறுங்காலில் ஓடிவருகிறாள் ஒரு பெண். கண்களை இறுக்கி மூடியிருக்கிறாள். பின்புறம் பென்சிலில் என் கையெழுத்து: ‘4×100, ஹீட் 3’, அதாவது தொடரோட்டத் தகுதிச் சுற்றின் மூன்றாவது ஓட்டம். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. படம் மங்கவில்லை. அவள் யார் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

ஒரு ரோலுக்கு 36 படம் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் பாவமாகப் பார்க்கிறார்கள். அந்த 36-ஐயும் கோட்டைவிட்ட கதை ஒன்று உண்டு. ஆண்டு விளையாட்டு விழா, கடைசி நாள். மற்றப் போட்டிகளோடு 100 மீட்டர் இறுதிப் போட்டியையும் எடுத்துத் தள்ளினேன். எண் 36-ஐத் தாண்டி 38, 39 என்று போனபோது கூடுதலாக மூன்று படம் கிடைத்த சந்தோஷம் வேறு. திறந்து பார்த்தால் ஃபிலிம் பல்லில் மாட்டவேயில்லை. போட்ட இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. “லீவரைத் தள்ளும்போது இந்தப் பக்கக் குமிழும் கூடவே சுத்துதான்னு பாக்கணும் தம்பி” என்று ஸ்டூடியோக்காரர் பிற்பாடு சொல்லிக்கொடுத்தார். அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்த ஜூனியர் பையன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “அண்ணே, என் படம்?” என்பான். அவன் வரும் வழியை விட்டு ஒரு மாதம் வேறு வழியாக கேன்டீனுக்குப் போனேன்.

அந்தப் பையன் கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. சர்வதேசப் போட்டி என்றால் எல்லைக்கோட்டில் நூறு காமிராக்கள் இருக்கும். ஒருவர் தவறவிட்டாலும் இன்னொருவரிடம் மாட்டும். கல்லூரி மைதானத்தில் நாம் ஒருவர்தான். நாம் தவறவிட்டால் அந்தக் கணத்துக்கு வேறு சாட்சியில்லை. பத்திரிகைக்கு வந்து சேர்வதோ சிறப்பு விருந்தினர் கேடயம் கொடுக்கும் படம். பொன்னாடைகளுக்கும் பிரமுகர்களுக்கும் நடுவே, ஓடி ஜெயித்த பிள்ளையின் நெற்றி தெரிந்தால் அதிர்ஷ்டம். (நாங்களும் அப்படிப்பட்ட படங்களைப் போட்டிருக்கிறோம். மறுக்கவில்லை.)

இந்த இதழின் அட்டைப்படம் ஒரு மின்னொளி கபடிப் போட்டியில் எடுத்தது. அந்த ராத்திரி நானும் கூடப் போயிருந்தேன். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. அதற்குள் எங்கே நிற்பது என்பதுதான் படக்காரரின் முழுக் கவலையும். பாடி வருகிறவரின் முகம் வேண்டுமென்றால் எதிரணியின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். ஆனால் கணுக்காலில் பிடி விழுந்து, அவர் நடுக்கோட்டைத் தொடத் திரும்பிப் பாயும்போது அங்கிருந்து முதுகுதான் தெரியும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. எங்கள் படக்காரர் முதல் பாதி முழுக்க முகத்தை விட்டுவிட்டு, நடுக்கோட்டை நோக்கி நீளும் விரல்களுக்காகக் காத்திருந்தார். அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்த விரல்கள்.

வெளிச்சம் இன்னொரு தலைவலி. 11 விநாடியில் 100 மீட்டர் ஓடுகிறவர், ஷட்டர் திறந்து மூடும், விநாடியில் 125-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார்; முகம் பூசினாற்போல ஆகிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்தால் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. பகலில் இது சுலபம். ராத்திரியில் அத்தனை சுருங்கிய நேரத்துக்குள் லென்ஸுக்குப் போதிய வெளிச்சம் வராது. அதோடு நம் மின்சாரத்தில் டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் விநாடிக்கு நூறு தடவை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று பளிச்சென்று, ஒன்று இருட்டாக, ஒன்று பச்சை தட்டிப்போய் வரும். ஃப்ளாஷ் அடித்தால் தீர்ந்துவிடும்தான். ஆனால் பிடிக்கப் பாய்கிறவரின் கண்ணில் மின்னலைப் பாய்ச்சிவிட்டு எடுக்கிற படம் எதற்கு?

ஊர் பேர் தெரியாதவர்களின் போட்டிக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு போவதில் என்ன கிடைத்துவிடும் என்பவர்களுக்கு பாஸ்டன் மாரத்தானைச் சொல்வேன். 1986-க்கு முன் அங்கே ஜெயித்தவருக்குப் பணப் பரிசே கிடையாது. 1967-இல் சைரகியூஸ் பல்கலைக்கழக மாணவி கேத்ரின் ஸ்விட்சர், முதல் பெயருக்குப் பதில் இனிஷியல் மட்டும் எழுதிப் பதிவு செய்து, 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு ஓடினார். பெண்கள் ஓடலாகாது என்று நினைத்த அதிகாரி ஒருவர் முதல் சில மைல்களுக்குள்ளேயே பாய்ந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். ஸ்விட்சரோடு கூட ஓடிய காதலர் அந்த அதிகாரியைத் தள்ளிவிட்டார். பத்திரிகைக்காரர்களின் வண்டி பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்ததால் அத்தனையும் படமானது. இல்லையென்றால் ஒரு மாணவியின் சொல்லுக்கு எதிராக ஓர் அதிகாரியின் சொல் என்று போயிருக்கும். 1972-இல் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள். 2017-இல், தம் 70-ஆவது வயதில், அதே 261-ஐக் குத்திக்கொண்டு ஸ்விட்சர் மறுபடி அங்கே ஓடினார்.

இனி உங்களிடம் கேட்கவேண்டியது. ‘நம்ம ஊர் மைதானம்’ என்று அடுத்த இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்குகிறோம். கல்லூரிப் போட்டி, தெருமுனை வாலிபால், பொங்கல் கபடி, பள்ளிக்கூட நீளம் தாண்டுதல், பூப்பந்து, எதுவானாலும் அனுப்புங்கள். ஃபோனில் எடுத்ததும் சரிதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும், அச்சில் நொறுங்கிப்போகும். தோற்றவர்கள் படத்தை இன்னும் ஆவலாக எதிர்பார்க்கிறேன். கோட்டைத் தாண்டியதும் மண்ணில் உட்கார்ந்துவிடும் நான்காவது ஆளை யாரும் எடுப்பதில்லை. விளையாடும் பெண்களின் படத்தை அவர்களிடம் காட்டி, சம்மதம் கேட்டு அனுப்புங்கள். உடை விலகிய கணத்தை அனுப்பாதீர்கள், போடமாட்டோம். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் ஒரு வரி எழுதித் தர வேண்டும்.

படத்திலுள்ள எல்லோருடைய பெயரும் வேண்டும். முதுகு மட்டும் தெரிகிறவர் பெயரும்.

ஹீட் 3 படத்தை 34-ஆம் பக்கத்தில் போட்டிருக்கிறேன். பேட்டனை வாங்கப் பின்னால் நீட்டிய இன்னொரு பெண்ணின் கை வலது ஓரத்தில் தெரியும். மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருக்கிறாள். யாருக்காவது அடையாளம் தெரிந்தால், அல்லது அது நீங்களேதான் என்றால், ஒரு கடிதம் போடுங்கள். படத்தின் பிரதி இங்கே பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்