செம்மண் கேட்கும் கேள்வி

அழைப்பிதழ் அழகாக அச்சிடப்பட்டிருக்கிறது. முகப்பிலே குறுந்தொகையின் 40ஆவது பாட்டு. அடுத்த பக்கத்திலே நல்ல நாள், நட்சத்திரம், முகூர்த்த நேரம். அதற்கும் கீழே, ஊரார் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளும் வண்ணம் குலமும் கோத்திரமும். மண்டபத்துக்குச் சென்றாலோ ஒலிபெருக்கி முழங்குகிறது. அங்கும் அதே குறுந்தொகை உவமை, திரைப்பாட்டின் உருவிலே! மணமேடையிலே புரோகிதர், புகை, புரியாத மொழி.

தோழர்களே! இக்காட்சியைக் கண்டு கைதட்டுவதா, கண்ணீர் உகுப்பதா? தமிழ் மணமேடை ஏறிவிட்டது என்று மகிழ்வோர் உண்டு. ஏறியது தமிழா, தமிழின் மேலாடை மட்டுந்தானா என்பதே என் கேள்வி.

அந்தப் பாட்டு ஐந்தே அடி. பாடிய புலவரின் இயற்பெயர் கூட நமக்குக் கிட்டவில்லை. பாட்டில் உள்ள உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது: செம்புலப்பெயல்நீரார். காதலனைக் கண்டாள், கலந்தாள் ஒருத்தி. அதன் பின், 'இவன் பிரிந்து போய்விடுவானோ' என்ற அச்சம் அவளைப் பற்றிக்கொண்டது. அவள் முகக்குறிப்பை அறிந்து அவன் கூறும் விடையே அப்பாட்டு. நம் இருவரின் தாயரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு? நம் தந்தையர் எம்முறையில் கேளிர்? நாமிருவருந்தாம் முன்பு எவ்வகையில் அறிமுகம்? கேள்வி மூன்று, மூன்றுக்கும் விடை, 'ஒன்றுமில்லை' என்பதே. அதற்குப் பிறகுதான் வருகிறது உவமை: செம்மண் நிலத்திலே பெய்த மழைநீர் போலக் கலந்துவிட்டனவாம் இரு நெஞ்சங்களும்.

எத்துணை எளிமை! எத்துணை ஆழம்! மழை வானத்தது, மண் நிலத்தது. ஒன்றன் பிறப்பிடம் மற்றதற்குத் தெரியாது. சேர்ந்த பின்னரோ, மண்ணின் நிறம் நீரின் நிறமாகிறது; நீரின் நெகிழ்ச்சி மண்ணின் நெகிழ்ச்சியாகிறது. அஞ்சி நின்ற பெண்ணுக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழி இது. அந்த மூன்று கேள்விகளை எடுத்துவிடுங்கள், உவமை உயிரிழந்துபோகும். உறவும் அறிமுகமும் அற்றவர் இருவர் என்பதனால்தானே ஒருவர் மழை, ஒருவர் மண்!

காதலரைக் கூட்டுவது 'பால்', அதாவது ஊழ், என்று தொல்காப்பியம் கூறுவதை நான் மறைக்கவில்லை. ஆனால் இந்த ஐந்தடிக்குள் ஊழ் இல்லை, தெய்வம் இல்லை, சாதகம் இல்லை. மழை இருக்கிறது, மண் இருக்கிறது, அன்புடைய இரண்டு நெஞ்சங்கள் இருக்கின்றன. அவை போதும் என்று கருதினார் புலவர்.

இனித் திரைப்பாட்டுக்கு வருவோம். அதை அளக்க மேல்நாட்டு அளவுகோல் வேண்டா. நம் தொல்காப்பியரே ஒன்று தந்திருக்கிறார். உவமை நான்கு வழிகளில் பிறக்கும் என்றார் அவர்: வினை, பயன், மெய், உரு. புலிபோலப் பாய்ந்தான் என்றால் வினை. மழைபோல வழங்கினான் என்றால் பயன். துடிபோன்ற இடை என்றால் மெய், அஃதாவது வடிவம். பவளம்போன்ற வாய் என்றால் உரு, அஃதாவது நிறம்.

செம்மண்ணும் மழையும் எவ்வகை? கலத்தல் என்னும் வினை. பிரிக்கவொண்ணாமை என்னும் பயன். நம் காதில் நாள்தோறும் விழும் காதற்பாட்டுகளில் பெரும்பாலானவை எவ்வகை? முகம் நிலா, விழி மீன், இடை மின்னல், கூந்தல் மேகம், இதழ் கோவை! வடிவமும் நிறமும், நிறமும் வடிவமும்! உச்சி முதல் உள்ளங்கால் வரை உறுப்புதோறும் ஒரு விலைச்சீட்டு ஒட்டப்படுகிறது. அவள் என்ன நினைக்கிறாள்? எதை அஞ்சுகிறாள்? எதை மறுக்கிறாள்? பாட்டு கேட்பதில்லை. சந்தையில் நிற்கும் மாட்டுக்குப் பல் பார்ப்பவன், அதன் கருத்தைக் கேட்பதுண்டோ?

'சங்கப் பாட்டிலும் கூந்தலும் கண்ணும் வருணிக்கப்படவில்லையா?' என்று கேட்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பெண் வாய் திறந்து பேசுகிறாள்! குறுந்தொகை 3ஆம் பாட்டிலே, தேவகுலத்தாரின் தலைவி தன் காதலை நிலத்தோடும் வானத்தோடும் கடலோடும் வைத்து அளக்கிறாள். அளப்பவள் அவள், அளக்கப்படுவது அவள் உடலன்று, அவள் கொண்ட அன்பு. 25ஆம் பாட்டிலே, கபிலரின் தலைவி தன்னைக் கூடியவனையே கள்வன் என்று குற்றஞ்சாட்டுகிறாள். அன்று சான்றாக நின்றது ஆரல் மீனுக்குக் காத்திருந்த ஒரு நாரை மட்டுமே என்று நடுங்குகிறாள். அப்பாட்டில் வடிவ உவமை எங்கே வருகிறது தெரியுமா? நாரையின் காலுக்கு! தினைத் தாளைப் போன்ற பசுங்கால் என்கிறார் கபிலர். வடிவ உவமையைப் பறவையின் காலுக்கு வைத்தார். பெண்ணுக்கு வழக்குரைக்கும் வாயைத் தந்தார். அவளைக் கைவிட்டால் கேட்பதற்கு யாருமில்லையே என்ற கொடுமையை, தன் இரையிலேயே கண்ணாக நின்ற அந்த நாரை நமக்கு உணர்த்திவிடுகிறது.

இதனால், திரைப்பாட்டு முழுவதும் குப்பை என்று முகஞ்சுளிக்கும் பண்டிதர் கூட்டத்தில் நான் சேர்ந்துவிட்டதாக எண்ணவேண்டா. பாட்டைப் பேழைக்குள் பூட்டிவைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர்கள், தெருவிலே பாடுகிறவனைப் பழிக்க என்ன தகுதி உடையவர்கள்? 1965இல் வெளிவந்த 'வாழ்க்கைப் படகு' படத்திற்குக் கண்ணதாசன் ஒரு பாட்டு எழுதினார். நேற்றுவரை அறியாத இருவர் இன்று பிரியாதவராயினர் என்ற குறுந்தொகைக் கருத்து, பாமரனும் பாடும் தமிழிலே அங்கே ஒலிக்கிறது. செம்மண் இல்லை, மழையும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறது! உவமையை விட்டாலும் உட்பொருளை விடவில்லை. அதுவன்றோ வாரிசுரிமை!

1997இல் வந்த 'இருவர்' படத்திலே, ஏ.ஆர். ரகுமான் இசையில் வைரமுத்து எழுதிய பாட்டொன்றில், செம்மண் உவமையும் சங்கச் சொற்களும் மின்னின. கேளாத காதுகளுக்கெல்லாம் அச்சொற்கள் சென்று சேர்ந்தன. அந்த நன்மையை நான் மறக்கவில்லை. ஆனால் அதே பாட்டிலே வரும் நிலவு எங்கிருந்து வந்தது? புறநானூறு 112. பாரியின் மகளிர், சென்ற திங்களின் நிலவொளியில் தந்தையும் இருந்தார், குன்றும் எமதாக இருந்தது. இத்திங்களின் நிலவிலே வென்ற வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தையும் இல்லை என்று கலங்கிய கையறுநிலைப் பாட்டு அது. தந்தையை இழந்த பெண்களின் கண்ணீர் நிலவு, திரையிலே பொய்கையாடும் அழகிக்கு ஒளிவிளக்காயிற்று! சொல் வந்தது, அச்சொல் சுமந்த சோகம் வரவில்லை. இரவல் நகை எவ்வளவு பளபளத்தாலும், அதை அணிந்திருந்தவளின் கதையைச் சொல்லாதே!

இதெல்லாம் வெறும் அணியிலக்கண ஆராய்ச்சி என்று தள்ளிவிடாதீர்கள். 2003இல் விருத்தாசலம் வட்டாரத்தில், சாதி கடந்து மணந்த இளம் இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பலர் பார்க்க, சாதி கடந்து மணந்த இளைஞன் வெட்டிச் சாய்க்கப்பட்டான். அவன் மனைவியும் வெட்டுண்டாள். வெட்டிய அரிவாளும் கேள்வி கேட்டுத்தான் வெட்டியது. என்ன கேள்வி? உன் தாய் யார்? உன் தந்தை எந்த முறையில் எமக்கு உறவு? அதே கேள்விகள்! காதலன், இவை பொருட்டல்ல என்று காட்டக் கேட்டான். சாதி, இவையே பொருட்டு என்று கழுத்தறுக்கக் கேட்கிறது. இந்த இரண்டு கேட்டல்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தமிழனுக்கு உணர்த்தாத பாட்டு, எவ்வளவு இனித்தால் என்ன?

புரோகிதரும் சடங்கும் இன்றி நடைபெறும் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லுபடியாக்க, 1967இல் அண்ணாவின் ஆட்சி சட்டம் இயற்றியது. செம்மண்ணும் மழையும் தாமே கலப்பதற்குத் தரகர் வேண்டா என்று புலவன் கண்டதற்கு, அன்று சட்டத்தில் இடம் கிடைத்தது. வழி திறந்திருக்கிறது, நடக்கக் கால்தான் வேண்டும்.

ஆகவே இளைஞர்களே! அடுத்த முறை காதற்பாட்டு ஒன்று காதில் விழும்போது, தாளம் போடுங்கள், தடையில்லை. கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த உவமை வினையா, பயனா, வெறும் வடிவமும் நிறமுந்தானா? இந்தப் பாட்டில் அவள் பேசுகிறாளா? நாளை உங்கள் அழைப்பிதழில் அந்த ஐந்தடியை அச்சிட விரும்பினால், முதலில் அடுத்த பக்கத்தைத் திருத்துங்கள். குலத்தை அடியுங்கள், கோத்திரத்தை அடியுங்கள், முகூர்த்த நேரத்தை அடியுங்கள். பெய்யும் மழை, நிலத்தின் சாதியைக் கேட்டுப் பெய்வதில்லை.