சேற்றைச் சுற்றிப் போகாதீர்கள்

மழை பெய்த மறுநாள் காட்டுப்பாதையில் ஓடுபவர்கள் இரண்டு வகை. சேற்றுக் குட்டையைக் கண்டால் அதற்குள்ளேயே காலை வைத்து ஓடுபவர்கள் ஒரு வகை. காலணி அழுக்காகிவிடுமே என்று ஓரத்துச் செடிகளை மிதித்துக்கொண்டு சுற்றிப் போகிறவர்கள் இன்னொரு வகை. பார்ப்பதற்கு இரண்டாம் வகையினர்தான் நாகரிகமானவர்கள். ஆனால் காட்டைக் கெடுப்பவர்களும் அவர்களே என்பது என் கருத்து.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், என் பல்கலைக்கழக நண்பர்களில் பலர் உடற்பயிற்சிக் கூடத்தை விட்டுவிட்டு மெக்ரிட்சி, புக்கிட் தீமா, வின்சர் என்று காட்டில் ஓடக் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். வின்சர் இயற்கைப் பூங்காவுக்கு அப்பர் தாம்சன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 2017ல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவின் பரப்பளவு ஏறக்குறைய 75 ஹெக்டர். அதன் பின்னால் இருக்கும் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டுக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளவே அது அமைக்கப்பட்டது. உள்ளே சிறிய நன்னீர் ஓடைகள் உண்டு. கான்கிரீட் இல்லாமல், மரவேர்களுக்கு இடையே வளைந்து போகும் உண்மையான ஓடைகள்.

சிங்கப்பூரில் இது எவ்வளவு அரிது என்று யோசித்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு ஓடும் தண்ணீர் என்றாலே புளோக்குக்குப் பின்னால் இருக்கும் ‘லொங்காங்’தான். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்க் கால்வாயை அகற்றி, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றிய திட்டம் 2012ல் நிறைவு பெற்றபோது அது பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. சாதனைதான். ஆனால், மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஓடைகளைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

சேற்றைச் சுற்றிப் போவதற்கும் ஓடைக்கும் என்ன தொடர்பு? ஒருவர் சுற்றிப் போனால் ஒன்றும் ஆகாது. சனிக்கிழமை காலையில் நூறு பேர் சுற்றிப் போனால் ஓரத்துச் செடிகள் சாகும்; குட்டை அகலமாகும். அடுத்த வாரம் வருபவர்கள் இன்னும் தள்ளிப் போவார்கள். ஒற்றையடிப் பாதை மெல்ல மெல்ல லாரி போகும் அகலத்துக்கு வந்துவிடும். மிதிபட்டு இறுகிய மண்ணுக்குள் மழைநீர் இறங்காது. பாதையே வாய்க்காலாகி, மேல்மண்ணை அடித்துக்கொண்டு சரிவின் அடியில் இருக்கும் ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கற்களின் இடுக்குகளில் வண்டல் நிறைந்துவிட்டால், அங்கே ஒளிந்து வாழும் சிறு உயிர்களுக்கு இடமில்லை.

அப்படிக் கல்லடியில் ஒளிபவற்றுள் ஒன்று சிங்கப்பூர் நன்னீர் நண்டு. ஓட்டின் அகலம் மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். அறிவியல் உலகம் அதற்குப் பெயர் சூட்டியது 1986ல். புக்கிட் தீமா, புக்கிட் பாத்தோக் வட்டாரக் குன்றுகளின் சிற்றோடைகள் போன்ற ஒருசில இடங்களைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. மெர்லயன் கற்பனை, இந்த நண்டுதான் நிஜமான சிங்கப்பூரர்!

பாதையோரச் செடிகளையும் லேசாக நினைத்துவிடாதீர்கள். புக்கிட் தீமாவின் செராயா மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். நம் காலடியில் நசுங்கும் கன்று அடுத்த தலைமுறை மரமாக இருக்கலாம். மிதிபட்ட காட்டைச் சரிசெய்ய எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2014 செப்டம்பரில், சரிவுகளை வலுப்படுத்தவும் தேய்ந்த பாதைகளைச் சீரமைக்கவும் புக்கிட் தீமா வனப்பகுதி மூடப்பட்டது. முழுமையாகத் திறக்க 2016 அக்டோபர் ஆனது.

“அப்படியானால் எல்லா இடத்திலும் பலகைப் பாதை போட்டுவிடலாமே” என்று ஒரு நண்பர் கேட்டார். ஓடையை ஒட்டிய ஈரமான இடங்களில் அது தேவைதான், வின்சரில் போட்டிருக்கிறார்கள். ஆனால் காடு முழுவதும் பலகை என்றால் பூங்கா இணைப்புப் பாதையிலேயே ஓடிவிட்டுப் போகலாம்.

வழுக்கி விழுந்துவிடுவோம் என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி, வேகத்தைக் குறைப்பது. அடிகளைச் சிறிதாக வையுங்கள். சரிவாகக் கிடக்கும் ஈரமான வேரின் மேல் மட்டும் காலை வைக்காதீர்கள். ஆழம் தெரியாவிட்டால் நடங்கள். சாலையில் பத்து கிலோமீட்டரை 55 நிமிடத்தில் ஓடுபவருக்குக் காட்டில் 70 நிமிடத்துக்கு மேல் ஆனால் என்ன குறைந்துவிடும்? என்னைக் கேட்டால், பாதி சிக்கல் கைக்கடிகாரத்தில்தான் இருக்கிறது. ஸ்ட்ராவாவில் வேகம் குறையக்கூடாது என்பதற்காகவே சிலர் முன்னால் போகிறவர்களைச் செடிகளின் மேல் ஏறி முந்துகிறார்கள். பாதை அகலமாகும் இடம் வரும்வரை ஐம்பது மீட்டர் பின்னால் வந்தால் போதும்.

விலையுயர்ந்த காலணியும் வேண்டாம். முன்பு ஜொகூர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, கறுப்பு ரப்பர் காலணியைப் போட்டுக்கொண்டுதான் விடியற்காலையில் சேற்றில் நடந்தார். இன்று மலேசிய மலையேறிகள் அதையே ‘கம்போங் அடிடாஸ்’ என்று செல்லமாக அழைத்து வாங்குகிறார்கள். விலை மலிவு, நன்றாகப் பிடிக்கும், கழுவினால் சீக்கிரம் காயும். (கழுவிவிட்டு அடுத்த காட்டுக்குப் போவது நல்லது, மண்ணோடு களை விதைகளும் பயணம் செய்யும்.)

பள்ளிகளின் நெடுந்தூர ஓட்டக் குழுக்களும் ஓட்டப் பந்தயம் நடத்துபவர்களும் தொடக்க விளக்கத்தில் ஒரு வரியைச் சேர்க்கலாம்: சேறு வந்தால் நடுவில் போங்கள், வரிசையாகப் போங்கள். குரங்குகளுக்கு உணவு கொடுக்கக்கூடாது என்பது நமக்குப் பழகிவிட்டது. இதுவும் பழகிவிடும்.

அடுத்த மாதம் என் விடுதி ஓட்டக் குழு வின்சருக்குப் போகிறது. வெள்ளைக் காலணி வேண்டாம், குட்டையைச் சுற்றிப் போக அனுமதியில்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். இதுவரை இரண்டு பேர் பெயரைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். மீதி பதினொரு பேர் வருகிறார்கள்.