ஓடுகிற பிக்கப்பை விற்று லீசிங்கில் விழ வேண்டாம்

2020 மார்ச்சில் மூடப்பட்ட வாகன இறக்குமதிக் கதவு, 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகனங்களுக்கும் திறந்தது. அன்றிலிருந்து யாழ். குடாநாட்டில் பிக்கப்பை நம்பிப் பிழைப்பவர்கள் மத்தியில் ஒரே பேச்சுத்தான். சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி ஏற்றுபவர், மயிலிட்டியிலிருந்து மீன் பெட்டியோடு விடியப்புறம் ஓடுபவர், நீர்வேலியில் வாழைக்குலை அடுக்குபவர் எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள். இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய டீசல் பிக்கப்பைக் கொடுத்துவிட்டு, மேலே காசு போட்டுப் புதிது எடுக்கலாமா?

சேஸி உக்காமல், பிரேக் பிடிக்கிற நிலையில் ஒரு பழைய பிக்கப் கையில் இருந்தால் அதை விற்க வேண்டாம். அதைத் திருத்தி ஓடுங்கள் என்பதே எமது நிலைப்பாடு. பழையதன் மீதான பாசத்தில் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு அறுபது கிலோமீற்றர் வீதம், மாதத்தில் 25 நாள் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,500 கிலோமீற்றர். பழையது லீற்றருக்குப் பத்து கிலோமீற்றர், புதியது பதின்மூன்று என்று புதியதற்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வோம். மாதத்தில் மிச்சமாவது ஏறத்தாழ 35 லீற்றர். டீசல் லீற்றர் 280 ரூபா என்றால் பத்தாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. மறுபக்கத்தில், பழையதை விற்ற காசைக் கட்டி, மிகுதி 60 லட்சத்தை ஆண்டுக்கு 14 வீத வட்டியில் ஐந்து வருட லீசிங்கில் எடுத்தால், மாதத் தவணை ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஐந்து வருடம் முடியும்போது வட்டி மட்டும் கிட்டத்தட்ட 24 லட்சம் போயிருக்கும். 60 லட்சம் என்பதும் மலிவான பக்கத்துக் கணக்குத்தான். புத்தம் புதிய ஜப்பானிய டபுள் கப் ஒன்றின் விலை இரண்டு கோடி ரூபாவைத் தாண்டி நிற்கிறது. சுங்க வரி, அதன் மேல் மிகைவரி, மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விதிப்பது போன்ற உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 வீத வற் வரி. வாகனத்தை வாங்குவதற்கு முன் திறைசேரிக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பழையதற்குச் செலவு வராதா? வரும். பம்ப் வேலை, நொசில் மாற்றம், கிளச் பிளேட், ரயர், சில வேளை முழு எஞ்சினையும் இறக்க வேண்டியும் வரும். அப்படி ஒரு முழு எஞ்சின் வேலைகூடப் பெரும்பாலும் நாலைந்து மாதத் தவணைக்குள் அடங்கிவிடும். அதோடு, திருத்தச் செலவு எப்போதாவது வருவது. வெங்காயம் விலை விழுந்த மாதத்தில் அதைத் தள்ளிப் போடலாம், தெரிந்த கராஜ்காரரிடம் தவணை சொல்லலாம். லீசிங் தவணை அப்படியல்ல. மழை வெள்ளத்தில் தோட்டம் அழிந்தாலும், காற்றடித்துக் கடலுக்குப் போகாவிட்டாலும் அது திகதி தவறாமல் வரும். இரண்டு மூன்று தவணை பிந்தினால் வாகனத்தைத் தூக்க ஆள் வரும். போருக்குப் பிறகு ஏ9 வீதி திறந்ததும் வடக்குக்கு முதலில் ஓடிவந்தவற்றில் நிதி நிறுவனங்களும் அடக்கம். லீசிங்கில் எடுத்த வாகனமும் போய், கட்டிய காசும் போய், வெறுங்கையோடு நின்ற குடும்பங்கள் எமது ஊர்களில் எத்தனை என்று வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. இறக்குமதி நின்றிருந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்களும் இருந்தார்கள். அதனால் வாகனம் என்றால் காணி, நகை போல ஒரு முதலீடு என்ற எண்ணம் பரவிவிட்டது. டொலர் பஞ்சம் ஏற்றிய விலை அது. இறக்குமதி திறந்திருக்கும் நாட்டில் புதிய வாகனம் முதல் நாளிலிருந்தே விலை இறங்கத் தொடங்கும். தவணையோ ஐந்து வருடத்துக்கும் ஒரு சதம் இறங்காது.

பழைய டீசல் எஞ்சினின் இயல்பும் எமது இடத்துக்குப் பொருந்துகிறது. 1990களில் வந்த ஹைலக்ஸ்களில் உள்ள 2எல், 3எல் எஞ்சின்கள், இசுசுவின் 4ஜேஏ1, நிசானின் ரீடீ27 எல்லாவற்றிலும் டீசலை எஞ்சினுக்குள் தள்ளுவது இரும்பாலான ஒரு பம்ப். அதில் கணினி கிடையாது. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ கலந்தாலும் எஞ்சின் இருமும், புகைக்கும், ஆனாலும் வீடு வந்து சேரும். பிந்திய தலைமுறை பிக்கப்களில் பெரும்பாலும் இருப்பது கொமன் ரெயில். அதில் டீசலின் அழுத்தம் ஆயிரத்து ஐந்நூறு பாரையும் தாண்டும். அந்த இன்ஜெக்டரின் துவாரம் கண்ணுக்குத் தெரியாத அழுக்குக்கே பழுதாகும். ஒன்று கெட்டால் ஸ்கானர் வேண்டும், அதை வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதுவரை வாகனம் கராஜில் நிற்கும், மீன் கரையில் கிடக்கும். பழைய எஞ்சினுக்கோ யாழ். நகரில் கிடைக்காத பாகம் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பொதியாக இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டால் விடிய இங்கே வந்துவிடும்.

குடாநாட்டுக்கு இதில் நீண்ட அனுபவமும் இருக்கிறது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல், டீசல், பற்றரி எதுவும் உள்ளே வர முடியவில்லை. ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் துளி பெற்றோல். எளிய எஞ்சினும் கைத்திறனுள்ள மெக்கானிக்கும் சேர்ந்தால் ஒரு சமூகம் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதை அந்தக் காலம் காட்டியது. பிறகு 2022இல் ஜனவரியில் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் முடிவில் 460 ரூபாவானது. கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றோம். அந்த மாதங்களில் ஓட்டமில்லாமல் பிக்கப்கள் வளவுக்குள் நின்றன. லீசிங் இல்லாதவருக்கு நின்ற வாகனத்தால் வருமானம் மட்டுமே போனது. லீசிங் உள்ளவருக்கு வாகனம் நிற்கவும் தவணை ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் பழையது தானாக ஓடிக்கொண்டிருக்காது. குடாநாட்டில் இந்த வாகனங்கள் வயதானதால் சாவதைவிடத் தண்ணீராலும் உப்பாலும் சாவதே அதிகம். எஞ்சின் ஆறியபின் ஒரு பழைய பிக்கப்பின் ரேடியேற்றர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். கழுத்தைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையில் ஒரு படை கட்டியிருக்கும். விரலால் சுரண்டினால் பொருபொருவென்று உதிரும். எமது சுண்ணாம்புக் கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர், தேநீர்க் கேத்தலுக்குள் செய்வதையே எஞ்சினுக்குள்ளும் செய்கிறது. அந்தப் படை குழாய்களை அடைக்கும், எஞ்சின் சூடேறும், ஹெட் வெடிக்கும். 2எல் குடும்ப எஞ்சின்களின் ஹெட் சூட்டைத் தாங்காது என்பது மெக்கானிக்குகளிடையே ஊரறிந்த கதை. "எஞ்சின் போயிற்று, இனி வித்திட வேண்டியதுதான்" என்று சொல்லப்படும் பல வாகனங்களுக்கு உண்மையில் போனது கூலன்ற் போத்தல் ஒன்றுக்குக் கொடுக்க மனம் வராத காசுதான். கூலன்ற் வாங்க முடியாவிட்டால் மாரியில் பீலியால் விழும் மழைத்தண்ணீரையாவது பிடித்து வையுங்கள். அதில் சுண்ணாம்பு இல்லை.

உப்பின் கதை இதைவிட மோசம். மீன் பெட்டியிலிருந்து உருகும் ஐஸ் தண்ணீர் தட்டின் இடுக்கால் வழிந்து சேஸியின் உட்புறத்தில் தங்குகிறது. பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் நாளாந்தம் போய்வரும் வாகனத்துக்குக் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. வெளியே பெயின்ற் பளபளக்கும். அடியில் லீவ் ஸ்பிரிங் பூட்டிய இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் சத்தம் சொல்லிவிடும். கணீரென்றால் நல்லது. பொத்தென்று கேட்டு, செதில் செதிலாகக் கறள் விழுந்தால், அந்த வாகனத்துக்காக நாம் வாதாட வரமாட்டோம். ஒட்டு வைத்த சேஸியில் ஒரு தொன் சுமை ஏற்றி ஓடுவது கொலைக்கு ஒப்பானது. அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ வாரத்தில் பல இரவுகள் பாரத்தோடு ஓடுபவருக்கும் எமது ஆலோசனை வேறு. ஏ9 வீதியில் நள்ளிரவில் யானையும் மாடும் குறுக்கிடும் இடங்களில் ஏபிஎஸ் பிரேக்கும் எயார் பாக்கும் வீண் ஆடம்பரமல்ல. ஓடும் தூரமும் அதிகம், எரிபொருள் மிச்சமும் அதிகம். அவர் புதியதை எடுக்கட்டும். சந்தைக்கும் கடலுக்கும் வீட்டுக்குமாக இருபது முப்பது கிலோமீற்றருக்குள் சுற்றுபவர் அவரைப் பார்த்து ஆசைப்படக்கூடாது என்பதுதான் எமது வாதம்.

புகையைப் பற்றிக் கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு போகும் பிக்கப்பை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்கு மருந்து வயதெல்லை போடுவதல்ல. டெல்லியைப் பாருங்கள். பத்து வருடம் கடந்த டீசல் வாகனம் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025 ஜூலையில் அப்படியான வாகனங்களுக்கு எரிபொருளே அடிக்கக்கூடாது என்று அமுல்படுத்தப் போய், மக்கள் கொதித்ததால் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமே, வயதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. நன்றாகப் பேணிய பதினைந்து வருட வாகனத்தைவிட, பேணாத ஐந்து வருட வாகனம் கூடுதலாகப் புகைக்கலாம். கறுப்புப் புகை பெரும்பாலும் அடைத்த எயார் பில்ரரும் தேய்ந்த நொசிலும் அளவு தவறிய பம்பும் சேர்ந்து வருவது. இவற்றைச் சரிசெய்ய முடியும். இலங்கையில் வருட அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனை ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்யட்டும். கடதாசிக்காக ஒரு நாள் பம்பைக் குறைத்து வைத்துவிட்டு மறுநாள் பழையபடி கூட்டுகிற வித்தையை வீதியில் பிடிக்கட்டும். புகைப் பரிசோதனை பிரேக்கையோ சேஸியையோ பார்ப்பதில்லை. வயதான பிக்கப்களுக்கு அதையும் பார்க்கும் ஒரு தகுதிப் பரிசோதனை வந்தால் நாம் வரவேற்போம்.

பழையதை வைத்திருக்கச் சொல்லும் நாம் அதன் இன்னொரு கழிவையும் மறைக்க முடியாது. எஞ்சின் ஒயில் மாற்றும்போது வடிப்பது எங்கே போகிறது? வேலியோரத்திலும் வாய்க்காலிலும் ஊற்றப்படுகிறது, கறளுக்கு மருந்தென்று சேஸியில் பூசப்படுகிறது. எமது சுண்ணாம்புப் பாறை எதையும் வடிகட்டாமல் கீழே விட்டுவிடும். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவு ஒயில் கிணறுகளில் மிதந்ததையும், 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்ததையும் மறப்பதற்கு அதிக காலம் ஆகவில்லை. நூற்றுக்கணக்கான கராஜ்கள் போத்தல் போத்தலாக ஊற்றினாலும் கிணற்றுக்கு அதே கதிதான். ஒவ்வொரு பிரதேச சபையும் கராஜ்களுக்கு மூடியுள்ள பீப்பாய் கொடுத்து, மாதத்துக்கு ஒரு தடவை கழிவு ஒயிலைச் சேகரிக்க வேண்டும். இதற்குக் கொழும்பு முன்வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கொழும்பு செய்ய வேண்டியவையும் உண்டு. புதிய வாகனத்துக்கு வரி கூட்டுவதை நாம் எதிர்க்கவில்லை, டொலர் தட்டுப்பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொழில் வாகனத்தின் நொசிலுக்கும் பிரேக் பாகத்துக்கும் வரியைக் குறைப்பது அதே டொலரை மிச்சப்படுத்தும் வழி. வங்கிகளும் வாகனம் வாங்குவதற்குக் கடன் கொடுப்பதோடு நின்றுவிடாமல், எஞ்சின் வேலைக்கு மூன்று, நான்கு லட்சம் குறைந்த வட்டியில் கொடுக்க முன்வர வேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் இதைக் கேட்க வேண்டும்.

அவசரமான வேலை இன்னொன்று. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டிய மெக்கானிக்குகள் இப்போது அறுபது, எழுபது வயதில் நிற்கிறார்கள். பிள்ளைகள் பலர் கனடாவிலும் லண்டனிலும். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் இளைஞர்கள் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். அவர்களை ஆறு மாதத்துக்காவது இந்த மூத்தவர்களின் கராஜ்களுக்கு அனுப்பி, பம்பைக் காதால் கேட்டு அளவு வைக்கும் கைப்பழக்கத்தைப் படிக்க வைக்க வேண்டும். படிப்பிக்கிற மூத்தவருக்கு மாகாண சபையின் கல்வி நிதியிலிருந்து ஒரு கொடுப்பனவும் வேண்டும். இலவசமாகப் படிப்பிக்கச் சொல்லி அவரைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.