முகம் கருத்துப்போச்சுன்னு 30,000 ரூபாய் இ.எம்.ஐ. போடறதுக்கு முன்னாடி...

எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுற இடத்துல இன்னிக்கு முகத்துக்குப் போடற க்ரீம் பத்திப் பேசப்போறோம். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ ஆவடிக்கோ தினமும் சி.டி.எச். ரோட்டுல பைக் ஓட்டுற பலரோட பட்ஜெட்ல இப்போ 'ஸ்கின் பேக்கேஜ் இ.எம்.ஐ.'ன்னு ஒரு வரி சேர ஆரம்பிச்சிருக்கு.

உதாரணத்துக்கு 30,000 ரூபாய் பேக்கேஜ், 12 மாசம், வட்டியே இல்லைன்னு வச்சுப்போம். மாசம் 2,500. கையில 25,000 வாங்குறவருக்கு அது சம்பளத்துல 10%. வெயில்ல கருத்து, கண்ணோரம் கோடு விழுந்த முகத்துக்கு முதல் செலவு இது இல்லைங்கறதுதான் என் கருத்து. தோல் டாக்டர் ஃபீஸ், ஒரு சன்ஸ்கிரீன், அவர் தேவைன்னு சொன்னா ட்ரெடினாய்ன் க்ரீம். இதுலேர்ந்து ஆரம்பிங்க.

ட்ரெடினாய்ன், வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. 1971ல அமெரிக்காவுல முகப்பருவுக்கு அனுமதி கிடைச்சது. இதைக் கொண்டுவந்த டாக்டர் ஆல்பர்ட் க்ளிக்மன்கிட்ட, பருவுக்குப் போட்ட பெண்கள் சிலர் சுருக்கமும் குறையுதுன்னு சொன்னாங்க. 1995ல மெல்லிய சுருக்கங்களுக்கும் அனுமதி வந்துச்சு. பழைய மருந்துங்கறதால ட்யூப் விலை சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். ராத்திரி பட்டாணி அளவு போதும், 20 கிராம் ஒரு மாசத்துக்கு மேலயே வரும். ஆனா முதல் சில வாரம் தோல் வறண்டு, சிவந்து, உரியும். பலன் தெரிய 3லேர்ந்து 6 மாசம் ஆகும். கர்ப்பமா இருக்கறவங்க, குழந்தைக்குத் திட்டமிடறவங்க போடவே கூடாது.

இந்தப் பொறுமை இல்லாமத்தான் நாம மெடிக்கல் ஷாப்ல போய் "கருப்பு போக ஒரு க்ரீம் குடுங்கண்ணா"ன்னு நிக்கிறோம். அப்போ கைக்கு வரக்கூடியது ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாய்ன், மொமெட்டசோன் மூணும் கலந்த க்ரீம். மூணாவது, ஸ்டீராய்டு. மங்குக்குக் கொஞ்ச நாள் மட்டும் டாக்டர் எழுதித் தர்றது இது. ரெண்டே வாரத்துல முகம் பளிச்சுனு ஆகும், அதுதான் வினையே. மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் தெரியும், பரு வரும், முடி வளரும். நிறுத்தினா முகம் எரியும். 'டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்'னு நம்ம நாட்டுத் தோல் மருத்துவர்கள் இதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க. 2018ல மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு க்ரீம்களுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம்னு கொண்டுவந்தாங்க. கவுன்ட்டர்ல நிலைமை என்னன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால ட்யூபைத் திருப்பிப் படிங்க. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்னு இருந்தா, டாக்டர் எழுதாம தொடாதீங்க. ஏற்கெனவே மாசக்கணக்குல போட்டுட்டு இருந்தா, திடீர்னு நிறுத்தாம டாக்டரைப் பாருங்க.

டாக்டர் ஃபீஸே அதிகம்னு தோணுதா? உங்க பே ஸ்லிப்பைப் பாருங்க. 20,000 சம்பளம்னா இ.எஸ்.ஐ.க்கு உங்க பங்கு 150, கம்பெனி பங்கு 650. வருஷத்துக்கு 9,600 ரூபாய் கட்டிட்டு டிஸ்பென்சரி பக்கமே போகாதவங்க எத்தனை பேர்! அங்கேர்ந்து பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதி வாங்கலாம். இ.எஸ்.ஐ. இல்லைன்னா, பூந்தமல்லி ஹைரோட்லயே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கு. கூட்டமா இருக்கும், அரை நாள் லீவு போகும். இருந்தாலும் 30,000 ரூபாயை விட அரை நாள் லீவு மலிவுதான்.

அப்புறம், பட்ஜெட்ல கண்டிப்பா எழுத வேண்டியது சன்ஸ்கிரீன். அது இல்லாம ட்ரெடினாய்ன் போட்டுட்டு மத்தியான வெயில்ல வண்டி ஓட்டினா எரிச்சல்தான் மிச்சம். முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம், காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. அப்படிப் போட்டா 50 கிராம் ட்யூப் ஒரு மாசம்கூட வராது. மருந்தை விட இதுதான் உங்க நிஜமான மாசச் செலவு.