140 மில்லி செகண்ட் துரோகி

பதினைந்து வருஷ சிநேகம் ஒரு சனிக்கிழமை ராத்திரி உடையப் பார்த்தது. காரணம் பணமோ, பெண்ணோ இல்லை. 140 மில்லி செகண்ட்!

நண்பன் வீட்டில் எட்டுப் பேர், எட்டு கம்ப்யூட்டர், ஒரு துப்பாக்கிச் சண்டை கேம். ஹாலில் ஏழு பேர், இரண்டு ஸ்விட்ச், கேபிள் இணைப்பு. எட்டாவது ஆள் பெட்ரூமில். அங்கேதான் ஏ.ஸி! அவ்வளவு நீள கேபிள் இல்லாததால், பழைய ரௌட்டர் ஒன்றை அங்கே வைத்து, ஹால் ரௌட்டரோடு வை-ஃபையில் 'பிரிட்ஜ்' போட்டாயிற்று. சர்வர் என் கம்ப்யூட்டர்.

அரை மணியில் பெட்ரூமிலிருந்து குரல். "டேய், நான்தான்டா முதல்ல சுட்டேன்!"

மூன்றாவது தடவை ஆளே வந்துவிட்டான். "சர்வர் உன்கிட்ட இருக்கு. ஏதோ பண்ணி வெச்சிருக்கே. இப்படி ஜெயிக்கணுமாடா?"

ஹால் கப்சிப். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எல்லாம் தெரிந்தவர் ஒருத்தர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார் அல்லவா? "ரெண்டு ஸ்விட்சுக்கும் நடுவுல ஒரு கேபிள்தான் இருக்கு. இன்னொண்ணு போடு. லிங்க் பாண்டிங்! ஸ்பீடு டபுள்!" என்று சொருகினார்.

ஸ்விட்ச் விளக்குகள் திருவிழா சீரியல் பல்பாகச் சிமிட்ட, எல்லாருக்கும் கேம் உறைந்தது.

பாண்டிங் என்றால், 'இரண்டு கேபிளையும் ஒன்றாகப் பாவி' என்று இரு முனைக்கும் செட்டிங்கில் சொல்லிவைக்க வேண்டும். மலிவு ஸ்விட்சில் அந்த வசதி கிடையாது. சும்மா இரண்டாவது கேபிள் போட்டால் அது வட்டம். எல்லாருக்குமான தகவல் ஒன்று உள்ளே புகுந்தால் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றியே வழியை அடைத்துவிடும். இப்படி வட்டம் விழாமல் தடுக்கும் உபாயத்தை ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1985-லேயே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் ஸ்விட்சுக்குத்தான் சேதி எட்டவில்லை.

ஒழுங்காகப் போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஸ்டேஷனில் இரண்டு டிக்கெட் கவுன்ட்டர் திறந்தால் கூட்டம் குறையும். ரயில் சீக்கிரம் வராது. ஒரே நேரத்தில் பல கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று கேமை காப்பி பண்ண பாண்டிங் உதவும். ஆனால், விளையாடும்போது ஒரு ஆளுக்கு ஒரு எம்.பி.பி.எஸ். கூடத் தேவையில்லை. தேவை அகலம் அல்ல, அவசரம்.

கேபிளைப் பிடுங்கினேன். நான் பி.காம். ட்ரையல் பாலன்ஸ் டேலி ஆகாவிட்டால் லெட்ஜரைக் கிழிக்க மாட்டோம். பக்கம் பக்கமாகப் பார்ப்போம். 'பிங்' என்று ஒரு குட்டி புரோகிராம், 1983-ல் மைக் மூஸ் எழுதியது. சேதி போய்த் திரும்ப எத்தனை நேரம் என்று சொல்லும். ஹாலுக்குள்ளே: 1-க்கும் கீழ். பெட்ரூமிலிருந்து பழைய ரௌட்டர் வரை: 1-க்கும் கீழ். அங்கிருந்து ஹால் ரௌட்டருக்கு: 4, 6, 140, 5, 138...

பிடிபட்டது! கேபிளில் ஒரே சமயத்தில் பேசவும் கேட்கவும் முடியும். வை-ஃபை அப்படியில்லை. ஒருத்தர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். இரைச்சல் வந்தால் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும்.

இரைச்சல் எங்கிருந்து? கவனித்தேன். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போதெல்லாம் 140! அந்த அடுப்புக்கும் அந்த வை-ஃபைக்கும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பேட்டை. நாங்கள் பஜ்ஜி சூடு பண்ணப் பண்ண, அவன் செத்துக்கொண்டிருந்தான்.

அவன் முதலில் சுட்டது நிஜம். குண்டு சர்வருக்கு வந்து சேர்வதற்குள் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். லேட்டாகச் சேதி கிடைக்கிறவனுக்கு உலகமே ஏமாற்றுவதாகத்தான் தெரியும். நானும் அவனைப் பொறாமைக்காரன் என்று நினைத்திருந்தேன்.

ஏ.ஸி.யைத் துறந்து ஹாலுக்கு வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்தான். கேபிள் சொருகினோம். பிங் 1-க்கும் கீழ்.

அடுத்த ஆட்டத்தில் முதல் ஆளாகச் செத்தான்.

"இப்ப என்னடா சொல்றே?"

"பஜ்ஜி எண்ணெய். மவுஸ் வழுக்குது."